மாடிப்படியில் நின்று கேட்டவன்: கரமஸோவ் சகோதரர்களும் பிராய்டின் மூன்று கூறுகளும்

சிக்மண்ட் பிராய்டின் பெயர் எமது விமர்சனக் கட்டுரைகளில் அடிக்கடி வந்துபோகின்றது. பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் வருகின்றது. நாவலொன்றில் மூன்று பாத்திரங்களைத் தெரிந்தெடுத்து, ஆவேசக்காரனை உந்துதல் என்றும் படித்தவனைப் பகுத்தறிவு என்றும் நல்லவனை மனச்சாட்சி என்றும் பெயரிட்டு நிறுத்திவிடுவது. தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமஸோவ் சகோதரர்கள்' இதற்கென்றே எழுதப்பட்டது போலத் தோன்றும். மூத்தவன் திமித்ரி குடியும் கூத்தும். இரண்டாமவன் இவான் தர்க்கம். இளையவன் அல்யோஷா மடாலயத்துப் பிள்ளை. பங்கீடு முடிந்தது. இந்தப் பங்கீட்டில் வாசிக்கின்ற யாருக்கும் வலிக்காது. அதுதான் அதிலுள்ள கோளாறு என்று நாம் நினைக்கின்றோம்.

முதலில் சொற்களைக் கவனிப்போம். பிராய்ட் 1923 இல் வெளியிட்ட சிறு நூலில் இம்மூன்றுக்கும் வைத்த பெயர்கள் 'எஸ்', 'இஷ்', 'யூபர்-இஷ்'. ஜேர்மனியிலும் சுவிசிலும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு மொழி வகுப்புக்குப் போன எம்மவருக்கு முதல் வாரத்திலேயே பழகிப்போன சொற்கள்தாம்: அது, நான், மேலே நிற்கும் நான். 1927 இல் ஆங்கிலத்துக்குப் போனபோது அவை இலத்தீன் வேடம் பூண்டு இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்றாகின. அங்கிருந்து எம்மிடம் வந்த ஈகோவோ 'அவருக்குச் சரியான ஈகோ' என்று தலைக்கனத்தைக் குறிக்கும் சொல்லாகவே நின்றுவிட்டது. பிராய்டைப் பொறுத்தவரை இவை ஒரே ஆளுக்குள் நடக்கும் இழுபறிக்கு இட்ட பெயர்கள். மனச்சாட்சியைப் பற்றி அவர் சொன்னது இன்னும் சங்கடமானது. மேலே நிற்கும் அந்த நான் ஒரு சாந்தமான குருவானவர் அல்ல. அது உந்துதலிடமிருந்தே பலத்தை வாங்கிக்கொள்கின்றது. உந்துதலைப் போலவே கொடூரமாகவும் நடக்கக்கூடியது. வெளியே கையோங்காதவனை அது உள்ளே கூடுதலாக அடிக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாவலுக்கு வருவோம். 1879 இலும் 1880 இலும் தொடராக வெளிவந்த கதை. கிழவன் பியோதர் பாவ்லோவிச் ஓர் இரவு கொல்லப்படுகின்றான். பணத்துக்காகவும் குறுஷென்கா என்ற பெண்ணுக்காகவும் தகப்பனோடு மல்லுக்கு நின்ற திமித்ரி பிடிபடுகின்றான். அவன்தான் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்க்கின்றார்கள்.

உந்துதலின் உருவம் என்று சொல்லப்படும் இந்தத் திமித்ரி, அன்றிரவு சிறு உரலின் பித்தளை உலக்கையைப் பையில் போட்டுக்கொண்டு தகப்பனின் யன்னலடியில் நின்றது உண்மை. அருவருப்புத் தாளாமல் அதை வெளியே எடுத்ததும் உண்மை. ஆனால் அவன் தகப்பனைக் கொல்லவில்லை. ஓடும்போது மறித்த கிழட்டு வேலைக்காரன் கிரிகோரியை அடித்து விழுத்துகின்றான். பிறகு, தப்பக்கூடிய நேரத்தில், மதிலிலிருந்து திரும்பக் குதித்து, உயிர் இருக்கின்றதா என்று இரத்தத்தைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்க்கின்றான். விசாரணையிலே கொலைப்பழியைவிட அவனைக் கூசவைப்பது வேறொன்று. காத்தெரீனா நம்பிக் கொடுத்த 3,000 ரூபிளில் பாதியைக் கூத்தடித்துவிட்டு, மிகுதி 1,500 ஐத் துணியில் தைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த இரகசியம் அது. கொலைகாரன் என்று சொன்னாலும் தாங்குவான். கள்ளன் என்பதை அவனால் தாங்கமுடியாது. இவனிடம் மனச்சாட்சி இல்லை என்று யார் சொல்வது?

மனச்சாட்சி என்று முத்திரை குத்தப்பட்ட அல்யோஷாவையும் பார்த்துவிடுவோம். வேட்டைநாய்களை ஏவி ஒரு சிறுவனைத் தாயின் கண்முன்னே குதறவைத்த ஜெனரலின் கதையை இவான் சொல்லி, அவனை என்ன செய்யலாம் என்று கேட்கின்றான். அந்தச் சாதுவின் வாயிலிருந்து மெல்ல வரும் பதில், சுட வேண்டும் என்பது. உடனே தான் சொன்னது அபத்தம் என்கின்றான். ஆயினும் சொல்லாகிவிட்டது. இவான் அதைக் கேட்டுக் குதூகலிக்கும் இடம் நாவலின் மிகக் கூர்மையான இடங்களில் ஒன்று.

இனி இவான். இவன்தான் எமக்கு முக்கியம். கடவுளும் மறுமையும் இல்லையென்றால் எல்லாமே அனுமதிக்கப்பட்டதுதான் என்று வாதிப்பவன். கையால் ஒரு பாவமும் அறியாதவன். சமையற்காரன் ஸ்மெர்தியாகோவ் வாசலில் நின்று, தனக்கு நாளை வலிப்பு வரலாம், வீட்டில் காவலிராது, ஐயா வெளியூர் போவது நல்லது என்று சுற்றிவளைத்துப் பேசுகின்றான். இவானுக்குப் பாதி விளங்குகின்றது. மீதியை விளங்கிக்கொள்ளாமல் இருப்பதற்கு அவனுடைய பகுத்தறிவு மும்முரமாக உழைக்கின்றது. அன்றிரவு நித்திரை வராமல், கதவை மெல்லத் திறந்து மாடிப்படிக்கு வந்து, கீழே தகப்பன் நடமாடும் சத்தத்தை ஐந்து நிமிடமளவில் நின்று கேட்கின்றான். நெஞ்சு படபடக்கின்றது. ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது. அவ்வளவுதான் அவன் செய்தது. மறுநாள் மொஸ்கோவுக்கு இரயில் ஏறிவிட்டான். ஆனால் தன் வாழ்நாளில் செய்த மிக இழிவான காரியம் என்று பின்னாளில் அவன் சொல்வது அந்தப் படியில் நின்றதைத்தான். தஸ்தயேவ்ஸ்கி இதை எழுதியபோது பிராய்ட் இன்னும் வியன்னாவில் மருத்துவ மாணவர்.

பிராய்ட் 1928 இல் தஸ்தயேவ்ஸ்கியையும் தந்தைக் கொலையையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் ஒரு பகுதி நிற்காது. நாவலாசிரியரின் வலிப்பு நோயைத் தகப்பனின் சாவோடு முடிச்சுப்போடும் அந்தப் பகுதியை, வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஜோசப் பிராங்க் 1976 இல் ஆதாரங்களோடு மறுத்துவிட்டார். நிற்கும் பகுதி இது: கொலையை யாருடைய கை செய்தது என்பது உளவியலுக்கு ஒரு பொருட்டல்ல, யார் அதை உள்ளூர விரும்பினார்கள், நடந்தபோது வரவேற்றார்கள் என்பதே கேள்வி. அல்யோஷா தவிர்ந்த சகோதரர் எல்லோரையும் அவர் ஒரே கூண்டில் ஏற்றுகின்றார்.

இதில் நாம் அவரோடு பாதித்தூரம்தான் போகமுடியும். கை யாருடையது என்பது ஒரு பொருட்டுத்தான். ஏனென்றால் அது நாலாவது மகனின் கை. ஸ்மெர்தியாகோவ், ஊரில் அலைந்து திரிந்த ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கிழவனால் பிறந்தவன் என்று ஊர் சொல்கின்றது. வீட்டில் யாரும் சொல்வதில்லை. அவனுடைய இடம் சமையற்கட்டு. மூன்று சகோதரர்களுக்கு மூன்று கூறுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் விமர்சகர்களும் அவனைச் சமையற்கட்டிலேயே விட்டுவிடுகின்றார்கள். படித்த மகன் சாப்பாட்டு மேசையில் பேசிய தத்துவத்தை அடுப்படியில் நின்றவன் காதில் வாங்கிக்கொண்டான். மேசையிலிருந்த இரும்புப் பாரத்தால் கிழவனை அடித்தான். பிறகு காலுறைக்குள்ளிருந்து 3,000 ரூபிளை எடுத்து வைத்து, நீங்கள்தான் கொலைகாரன், நான் உங்கள் ஏவலாள் மட்டுமே என்று இவானிடம் சொல்கின்றான். விரும்புவதற்கு ஒருவன், செய்வதற்கு இன்னொருவன். விரும்பியவனுக்கு மூளைக்காய்ச்சல், செய்தவன் தூக்கில் தொங்குகின்றான்.

இந்த இடத்தில் நாவல் ரஷ்யாவை விட்டு எம்மிடம் வந்துவிடுகின்றது. 1980களில் யாழ்ப்பாணத்தில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களைப் பற்றிய செய்தி பாரிசுக்கும் லண்டனுக்கும் தொலைபேசியில் வந்தது. மறுமுனையில் கேட்டவர்கள் எவரும் துவக்குத் தொட்டவர்களல்லர். 'என்ன செய்தவனாம்?' என்று கேட்டார்கள். பதில் கிடைத்ததும் 'அப்ப சரி' என்றார்கள். அந்தக் கேள்விக்கும் 'அப்ப சரி'க்கும் இடையில் ஒரு மாடிப்படி இருக்கின்றது. சுட்டவர்கள் பெரும்பாலும் கிராமத்து ஏழைப் பிள்ளைகள். 2009 இல் போர் முடிந்த பின்னர் வந்த எமது கதைகள் பலவற்றில், சுட்டவன் மிருகமாகவும், சொல்பவன் நொந்துபோன நல்ல மனிதனாகவும் வருகின்றார்கள். அதே பங்கீடு. தொலைபேசியைக் கையில் பிடித்திருந்தவனைப் பாத்திரமாக்கிய கதை மிக அரிது.

தஸ்தயேவ்ஸ்கி அப்படி ஒருவனையும் விட்டுவைக்கவில்லை. மனச்சாட்சி விழித்துவிட்டால் மனிதன் திருந்திவிடுவான் என்ற ஆறுதலைக்கூட அவர் தருவதில்லை. ஸ்மெர்தியாகோவிடம் மூன்றாம் தடவை போகும்போது இவான் பனியில் தள்ளாடி வந்த ஒரு குடிகாரக் குடியானவனைப் பிடித்துத் தள்ளிவிடுகின்றான். விறைத்துச் சாகட்டும் என்று நினைத்தபடி நடக்கின்றான். உண்மையெல்லாம் கேட்டுத் திரும்பும்போது அதே மனிதனைத் தூக்கி, பொலிஸ் நிலையம்வரை கொண்டுபோய், வைத்தியத்துக்கும் காசு கொடுக்கின்றான். ஒரு மணித்தியாலம் கழிகின்றது. அவனுக்குத் தன்னைப் பற்றி மிகவும் திருப்தி. நேரே அரச வழக்கறிஞரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நிற்கின்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குத் திரும்புகின்றான். அறைக்குள் கால் வைத்ததும் அந்தத் திருப்தி போய்விடுகின்றது. சற்று நேரத்தில் எதிரே சோபாவில், கட்டம்போட்ட காற்சட்டையோடு, நொடித்துப்போன கனவானைப் போலப் பிசாசு உட்கார்ந்திருக்கின்றது. அது இவானுடைய பழைய வாதங்களையே ஒவ்வொன்றாக எடுத்து, சிரித்துச் சிரித்துச் சொல்லத் தொடங்குகின்றது.