வேதநாயகம் பிள்ளையை ஒரு மதிப்பெண்ணோடு முடித்துவிடலாமா?



தமிழின் முதல் நாவல் எது என்று கேட்டால், பின்வரிசை மாணவன்கூட 'பிரதாப முதலியார் சரித்திரம், 1879' என்று சொல்லிவிடுவான். எழுதியவர் எப்படிப்பட்ட மனிதர் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்க, வகுப்பே அமைதியாகிவிடும். ஒரு மதிப்பெண்ணுக்கு அவ்வளவு போதும் என்று நாமே பழக்கிவிட்டோம்.

நான் இருப்பது தண்ணீர்மலையில். தைப்பூசத்தன்று சீனர்களும் நம்மோடு சேர்ந்து தேங்காய் உடைக்கிற ஊர் இது. ஜார்ஜ்டவுனுக்குப் போனால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நான்கையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். அதனால் 'பல்லின மக்களின் ஒற்றுமை' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்தால் என் மாணவர்கள் இந்த நான்கையும் வரிசையாக எழுதிவிடுகிறார்கள். கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, சரிதான். ஆனால் இதே ஊரில் நான் வாடகைக்கு வீடு தேடியபோது, தொலைபேசியில் என் பெயரைக் கேட்டதுமே "வீடு போயிடுச்சு" என்று வைத்துவிட்டார்கள். அதைக் கட்டுரையில் எந்த மாணவனும் எழுதுவதில்லை. எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்ற பயம்!

இந்த இடத்தில்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை எனக்குத் தேவைப்படுகிறார். திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-இல் பிறந்தவர், கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 1878-இல் வெளிவந்த அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யில் கடவுளை எந்தச் சமயத்தாரும் தம்முடையவராக எண்ணிப் பாடலாம். கச்சேரி மேடைகளில் இன்றும் அந்தப் பாடல்கள் கேட்கின்றன. 'யார் மனமும் நோகாத நூல்' என்று அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். எனக்கு அந்தப் பாராட்டில் உடன்பாடில்லை. அதே நூலில் லஞ்சம் வாங்குகிறவர்களை அவர் சாடுகிறார், உத்தியோகத் தொல்லைகளைப் பாடுகிறார். பக்திப் பாட்டும் லஞ்சத்தைப் பற்றிய பாட்டும் ஒரே அட்டைக்குள்! நீதிமன்றத்தில் உட்கார்ந்து வழக்குக் கேட்டவர் அல்லவா? சாமி கும்பிடுகிற கைதான் லஞ்சமும் வாங்குகிறது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அவர் வாழ்க்கையும் அப்படித்தான். சைவப் பெரும்புலவர், திருவாவடுதுறை ஆதீனத்தோடு நெருங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர் இந்தக் கிறிஸ்தவ நண்பர்மேல் 'குளத்துக்கோவை' பாடினார். தாது வருஷப் பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை கஞ்சி ஊற்றினார். வந்தவர்களிடம் என்ன சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டு ஊற்றவில்லை. அதற்காக அவரைப் புகழ்ந்து பாடியவர், நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார்.

நாவலுக்கு வருவோம். ஞானாம்பாள் ஆண் வேடத்தில் விக்கிரமபுரியின் அரசராகி ஆட்சி செய்கிறாள். கதையாகப் பார்த்தால் யானை மாலை போடுவதெல்லாம் பாட்டி கதைதான். ஆனால் நீதிமன்றங்களில் தமிழ் வேண்டும் என்று நாவல் வாதிடும் பகுதியைப் படியுங்க. தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாமல் நிற்கிற ஏழைக்கு நீதி கிடைத்ததாகச் சொல்ல முடியுமா? இதை எழுதியவர் வெறும் பேச்சாளர் இல்லை. மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துக் கொடுத்தவர்.

குறையையும் சொல்ல வேண்டும். அறிவுரை நீளுகிறது, கதை நடுவே நின்றுவிடுகிறது. மாணவர்கள் கொட்டாவி விடுவது அவர்கள் குற்றமில்லை. அதைவிடப் பெரிய குறை, கதையின் நடுவில் இருப்பவர்கள் வசதியான வீட்டுக்காரர்கள். உழைக்கிறவன் ஓரத்தில் வந்து போகிறான். அவர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் பக்கத்து நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன, செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு. நம்மில் பலருடைய பாட்டன், பூட்டன் அந்தக் கப்பலில் வந்தவர்கள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மனிதரின் நாவலில் அவர்களுக்கு இடமில்லை. அவர்மேல் மரியாதை இருப்பதால்தான் இது எனக்கு உறுத்துகிறது.

தேர்வு மாணவர்களே, ஒற்றுமைக் கட்டுரையில் நான்கு கட்டடங்களையும் எழுதுங்க, தவறில்லை. அடுத்த பத்தியில் இவரையும், நீங்கள் கண்ட ஓர் அநியாயத்தையும் எழுதிப் பாருங்க. ஆசிரியர்களே, நாவல் முழுவதையும் நடத்த நேரம் இருக்காது. நீதிமன்றத் தமிழ் பற்றிய பகுதியை மட்டும் வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லுங்க. படித்து முடித்ததும் என் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், ஞானாம்பாள் பொம்பளையா இருந்தே நீதி சொல்லியிருக்கக் கூடாதா?" அன்று மீதிப் பாடவேளை முழுக்க அதைத்தான் பேசினோம்.