நிசப்தம் யாருடைய சொத்து? மைக்குகளின் தரவரிசை குறித்து

1982-ல் அமெரிக்காவில் வெளியான இரண்டு இசைத்தட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. லாஸ் ஏஞ்சலிஸ் வெஸ்ட்லேக் ஸ்டுடியோவில், பணத்துக்கும் நேரத்துக்கும் பஞ்சமில்லாமல் உருவானது. மற்றது புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'. நியூ ஜெர்சியில் வாடகைக்கு எடுத்த வீட்டின் படுக்கையறையில், நான்கு தடங்கள் கொண்ட ஒரு கேசட் கருவியில் பாடிவைத்த மாதிரிப் பதிவு அது. பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்பது திட்டம். செய்தும் பார்த்தார்கள்; சரிப்படவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே இசைத்தட்டாயிற்று.

இரண்டும் இரண்டு துருவம். ஆனால் இரண்டிலும் குரலை வாங்கியது ஒரே கம்பெனியின், ஒரே வம்சத்தைச் சேர்ந்த டைனமிக் மைக். ஸ்பிரிங்ஸ்டீன் கையில் இருந்தவை ஷ்யூர் எஸ்.எம்.57 இரண்டு. ஜாக்சனின் குரலுக்கு ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் வைத்தது ஷ்யூர் எஸ்.எம்.7. ஸ்வீடியன் மைக் சேகரிப்புக்குப் பேர்போனவர். உலகத்தின் விலையுயர்ந்த மைக் எது வேண்டுமானாலும் அவர் எடுத்திருக்கலாம். 'வசதியில்லாதவன் வேறென்ன செய்வான்' என்கிற விளக்கம் அவருக்குச் சுத்தமாகப் பொருந்தாது. 'த்ரில்லர்' ஒலியைப் புகழ்கிறவர்களில் பாதிப்பேருக்கு இந்தச் செய்தி ஒருவித சங்கடத்தையே தருகிறது. ஏன் சங்கடம் என்பதுதான் நம் கேள்வி.

மைக் பற்றிய சொல்லாடல் முழுக்க ஓர் இருமை எதிர்வின் மேல் கட்டப்பட்டிருக்கிறது: கண்டென்சர்/டைனமிக், ஸ்டுடியோ/மேடை, நுட்பம்/முரடு. கண்டென்சரில் குரல் மோதுவது மிக மெல்லிய சவ்வில். அது இயங்கத் தனியாக மின்சாரம் தரவேண்டும். இன்றைக்கு வழக்கமாக 48 வோல்ட். டைனமிக்கில் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைகிறது, அவ்வளவுதான். கீழே போட்டாலும் எடுத்துத் துடைத்துப் பாடலாம். சுருளின் எடையையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் உச்ச ஒலிகளில் கண்டென்சரின் துல்லியம் இதற்கு வராது. இது பௌதிகம், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த வேறுபாடு எங்கே மதிப்பு வேறுபாடாக உருமாறுகிறது? 1966-ல் வந்த எஸ்.எம்.58-ன் பெயரிலுள்ள 'எஸ்.எம்.' என்பதற்கு விரிவே 'ஸ்டுடியோ மைக்ரோஃபோன்' என்பதுதான். ஒலிபரப்பு நிலையங்களை மனதில் வைத்துச் செய்தார்கள். மேடைப் பாடகர்கள் பறித்துக்கொண்டார்கள். பத்துப்பேர் வாய் வைத்துப் பாடியதும் அது 'மேடைச் சரக்கு' ஆகிவிட்டது.

ஒலிப்பதிவாளர்கள் 'பிரசன்ஸ்' என்றொரு சொல்லைப் புழங்குகிறார்கள். பாடுகிறவர் நம் முன்னாலேயே இருக்கிறார் என்கிற உணர்வு. எஸ்.எம்.58-ல் 5,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை வேண்டுமென்றே தூக்கிவிட்டு இந்த உணர்வை உண்டாக்கியிருக்கிறார்கள். அதாவது 'இருப்பு' என்பது இங்கே தயாரிக்கப்படுகிற ஒரு விளைவு. தெரிதா பேச்சின் 'இருப்பை'க் கேள்விக்குள்ளாக்கிய நூல்கள் வெளிவந்தது 1967-ல். நாய்மன் கம்பெனியின் யு87 என்கிற, இன்றுவரை ஸ்டுடியோக்களின் குலதெய்வமாக இருக்கிற கண்டென்சர் வெளிவந்ததும் அதே 1967-ல். தற்செயல்தான். ஆனாலும் 'உள்ளது உள்ளபடி குரலைத் தரும் மைக்' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வருஷம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. எந்த மைக்கும் குரலை அப்படியே தருவதில்லை. ஒவ்வொன்றும் குரலை ஒருவிதமாக எழுதுகிறது.

தமிழில் பாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ல, ள, ழ இவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கின்றன. ஒரு சாதாரண டைனமிக் மைக் இதைத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தரத்தில் மினுங்கும் 'காற்றோட்டம்' இல்லாமல் ஒரு ழகரமும் கெட்டுப்போகாது.

சரி, அறைக்கு வருவோம். 'டைனமிக் மைக் அறையின் இரைச்சலைக் கேட்காது' என்று நம் தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதுவும் ஒரு மூடநம்பிக்கை. ஒரே தூரத்தில், ஒரே திசைக்கூர்மையோடு வைத்தால் குரலுக்கும் அறைக்குமான விகிதம் இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிற மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் குரல் 12 டெசிபல் ஏறும். மின்விசிறியும் தெருவும் தகரக்கூரையும் இருந்த இடத்திலேயே இருக்கும். எஸ்.எம்.58 அந்த 5 சென்டிமீட்டருக்கென்றே பிறந்தது, அதன் பந்துவலை அதற்குத்தான். பெரிய சவ்வுக் கண்டென்சரின் முன் அப்படிப்போய் நின்றால் ஒவ்வொரு பகரமும் வெடிக்கும். ஆகவே தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். தள்ளி நின்றால் அறை கேட்கும். அறை கேட்டால் சுவருக்குப் பஞ்சுப்பலகை வேண்டும், இரட்டைக் கதவு வேண்டும், ஏ.சி. சத்தமில்லாமல் ஓடவேண்டும். மைக்கின் உயர்வு என்று பேசப்படுவதில் பெரும்பகுதி அந்த மைக் எந்த அறையில் நிற்கிறது என்பதன் உயர்வு. நிசப்தம் இங்கே ஒரு சொத்து. அது பத்திரப் பதிவு செய்யப்பட்டது.

இந்தச் சொத்து இல்லாதவர்கள் தலையில்தான் இன்று மலிவான கண்டென்சர்கள் கட்டப்படுகின்றன. பெரும்பாலானவை யு87-ன் தோற்றத்தையும் அதன் சவ்வுப்பெட்டியின் வடிவத்தையும் நகல் செய்தவை. அந்தச் சவ்வுப்பெட்டிக்கு உச்ச ஒலிகளைத் துருத்திக் காட்டுகிற சுபாவம் உண்டு. நாய்மன்காரர்கள் உள்ளே இருக்கிற மின்சுற்றில் அதைத் தணித்துவிடுவார்கள். நகல்களில் பலவற்றில் அந்தத் தணிப்பு கிடையாது. பெட்டியை எடுத்தார்கள், சுற்றை விட்டுவிட்டார்கள். சகரமெல்லாம் ஊசியாய்க் குத்துவது இதனால்தான். போத்ரியாரை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதலாம், நான் எழுதப்போவதில்லை. வீதி நாடகக்காரர்கள் சிலர் ஒரு சிமெண்ட் அறையில் இப்படியொரு மைக்கில் பதிவுசெய்து அனுப்பிய பாட்டுகளைக் கேட்டேன். தவிலடிக்கு ஈடுகொடுத்துத் தெருவில் பாடுகிற அந்தப் பெண்குரல், குளியலறையில் தகரத்தைச் சுரண்டுவதுபோல வந்திருந்தது. தங்கள் பாடகிக்குத் தொண்டை சரியில்லை என்று அவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்! மேடையில் அவள் வைத்திருக்கிற பழைய மைக்கையே நாலுவிரல் தூரத்தில் கொஞ்சம் சாய்த்து வைத்து, அதன் முதுகை ஜன்னலுக்குக் காட்டி, விசிறியை நிறுத்திவிட்டுப் பாடச்சொல்லியிருந்தால் போதும். நெருங்கிப் பாடும்போது அடித்தட்டு ஒலி வீங்கும். மெல்லிய குரலுக்கு அது சதை, கனத்த குரலுக்குச் சேறு. பின்னதற்கு ஒரு விரல் தள்ளி வைக்கலாம். அல்லது இந்த வீக்கத்தைக் குறைப்பதற்கென்றே எலக்ட்ரோ-வாய்ஸ் கம்பெனி 1968-ல் கொண்டுவந்த ஆர்.இ.20 போன்ற ஒன்றைத் தேடலாம்.

இதையெல்லாம் சொன்னவுடன் 'குறைத்து மதிப்பிடப்பட்ட மைக்குகள்' என்று பட்டியல் போட ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். எஸ்.எம்.7-க்கு என்ன ஆயிற்று பாருங்கள். 1973-ல் வந்து, பல வருஷம் வானொலி நிலையங்களோடு ஒதுங்கிக் கிடந்தது. 2001-ல் வந்த எஸ்.எம்.7பி, அரட்டை ஒலிபரப்புகள் பெருகிய பிறகு எல்லார் மேஜையிலும் முளைத்தது. இது தரும் மின்சமிக்ஞை மிகச் சன்னமானது: எஸ்.எம்.58 தருவதைவிடவே சுமார் 4 டெசிபல் குறைவு. மலிவான கருவியில் சொருகினால் சீறல்தான் வரும். சீறலைப் போக்க இன்னொரு பெட்டி வாங்கினார்கள். 2023-ல் கம்பெனியே அந்தப் பெட்டியை உள்ளே வைத்துப் புதிதாக ஒரு எஸ்.எம்.7-ஐ விற்கத் தொடங்கியது. ஒதுக்கப்பட்டது என்பதே விற்பனைச் சீட்டாகிவிடுகிறது.

டைனமிக் மைக்கை 'மக்கள் மைக்' என்று கொண்டாடுவதும் நமக்கு வேண்டாம். 'நெப்ராஸ்கா'வின் அதே எஸ்.எம்.57-தான் பல பத்தாண்டுகளாக அமெரிக்க ஜனாதிபதிகளின் பேச்சு மேடையில் நிற்கிறது. யுத்தங்களை அறிவித்ததும் அதில்தான்.

அதோடு, வாயருகே வைக்கிற மைக்கால் எடுக்கவே முடியாத குரல்கள் உண்டு. ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து, சாய்ந்து நிமிர்ந்து, ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்துப் பாடுவது அது. அங்கே 5 சென்டிமீட்டருக்கு அர்த்தமில்லை. சேகரிக்கப் போகிறவர்கள் ஒரு கிழவியைத் தனியே கூப்பிட்டு மைக்கின் முன் உட்காரவைத்துப் 'பாடு பாட்டி' என்கிறார்கள். வருவது ஒப்பாரியின் வரிகள், ஒப்பாரி அல்ல. இங்கே பொருத்தமானது, யாருமே மதிக்காத, எல்லாத் திசையிலும் கேட்கிற, சட்டையில் குத்துகிற அந்தச் சின்ன எலக்ட்ரெட் மைக். இதுவும் கண்டென்சர் வகைதான், ஆனால் சவ்வுப்பெட்டியிலேயே மின்னூட்டம் நிரந்தரமாகத் தேக்கப்பட்டிருப்பதால் ஒரு சிறு பேட்டரி போதும். 1962-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கண்டுபிடித்தது. வெஸ்ட் நிறப்பிரிவினை நிலவிய வெர்ஜீனியாவில் 1931-ல் பிறந்த கறுப்பர். டேப்ரெக்கார்டரிலும் தொலைபேசியிலும் காதுகேள் கருவியிலும் கோடிக்கணக்கில் புகுந்த மைக் அது. ஒலிப்பதிவு மேதைகளின் பட்டியல்களில் அவர் பெயரை நான் பார்த்தது அபூர்வம். எல்லாத் திசையிலும் கேட்பதால் நெருங்கினால் அடித்தட்டு வீங்காது, தள்ளிப்போனால் குரல் மெலியாது, காற்றுக்கும் அதிகம் மிரளாது. வட்டத்துக்கு நடுவில் ஒன்றைத் தலைக்குமேல் தொங்கவிட்டு, பதிவுசெய்கிறவர் எழுந்து வெளித் திண்ணைக்குப் போய்விடலாம்.