கடைக்குள் மனிதர், வெளியே பெண்

சயாகா முராதா தன் நாவலுக்கு வைத்த பெயர் 'கொன்பினி நிங்கென்'. கொன்பினி என்பது இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சிறு கடை. நிங்கென் என்றால் மனிதர். அந்த மனிதர் ஆணா பெண்ணா என்று ஜப்பானியச் சொல் சொல்வதில்லை. 2018இல் ஜின்னி டேப்லி டகேமோரியின் மொழிபெயர்ப்பில் வெளிவந்தபோது தலைப்பு 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்' ஆனது. நானும் அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் இதை வாசித்தேன். உள்ளே இருக்கும் மொழிபெயர்ப்பில் எனக்குக் குறையில்லை. ஆனால் 'பெண்' என்ற அந்த ஒற்றைச் சொல், நாவல் முழுக்கக் கதைசொல்லி எதிலிருந்து விலகி நிற்க முயல்கிறாளோ அதையே அட்டையில் அவள் நெற்றியில் ஒட்டிவிடுகிறது.

கெய்கோ ஃபுருகுராவுக்கு வயது 36. திருமணமாகவில்லை, காதலும் இல்லை. 18 வயதில் பகுதிநேரமாகச் சேர்ந்த கடையிலேயே 18 ஆண்டுகளாக வேலை செய்கிறாள். இதற்குள் எட்டாவது மேலாளரைப் பார்த்துவிட்டாள். சிறுவயதிலேயே அவள் 'ஒரு மாதிரி'. பூங்காவில் செத்துக் கிடந்த குருவியைப் பார்த்து மற்ற பிள்ளைகள் அழுதபோது, அப்பாவுக்குச் சுட்ட கோழி பிடிக்குமே, இதையும் சுட்டுச் சாப்பிடலாம் என்று அம்மாவிடம் சொன்னவள். பள்ளியில் சண்டை போடும் பையன்களை நிறுத்தச் சொல்லிக் கூச்சல் எழுந்தபோது, மண்வெட்டியை எடுத்து ஒருவன் தலையில் அடித்து நிறுத்தியவள். அவளைப் பொறுத்தவரை அது கொடூரம் அல்ல, கேட்ட வேலையைச் செய்து முடித்தாள், அவ்வளவுதான். அதன்பின் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறாள்.

அவள் முதன்முதலாகச் சரியாகப் பொருந்திய இடம் கடை. எப்படிச் சிரிக்க வேண்டும், எந்தத் தொனியில் வரவேற்க வேண்டும் என்று அங்கே பயிற்சி தருகிறார்கள். வெளியுலகமும் இதே நடிப்பைத்தான் கேட்கிறது, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைவிட முக்கியமானது சீருடை. அதை மாட்டிக்கொண்டால் ஆண், பெண், மாணவர், வெளிநாட்டவர் எல்லோரும் 'பணியாளர்' மட்டுமே.

கெய்கோ 'நான்' என்று தன்னிலையில் கதை சொல்கிறாள். தமிழில் மொழிபெயர்த்தாலும் 'வந்தேன், அடுக்கினேன், வணங்கினேன்' என்றுதான் வரும். அதில் பால் தெரியாது. ஆனால் அவளைப் பற்றி எழுதும் எனக்கு அந்த வசதியில்லை. வந்தாள், அடித்தாள், கற்றுக்கொள்கிறாள் என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் நான் அவளைப் பெண்ணாக்கிக்கொண்டே இருக்கிறேன். நாவலில் அவளைச் சுற்றியிருப்பவர்கள் செய்வதும் இதுதான்.

அது முழுமையாக நடப்பது ஷிராஹா வந்த பிறகு. 35 வயதுக்காரன், சோம்பேறி, வாடிக்கையாளர் ஒருத்தியைப் பின்தொடர்ந்ததற்காகக் கடையிலிருந்து நீக்கப்பட்டவன். கற்காலத்திலிருந்து எதுவும் மாறவில்லை, வேட்டையாடாத ஆணையும் பிள்ளை பெறாத பெண்ணையும் ஊர் விலக்கிவைக்கும் என்று ஓயாமல் புலம்புகிறவன். தன்னை நசுக்கும் அதே விதியைக் கொண்டு கெய்கோவின் கருப்பையைக் காலாவதிச் சரக்கு என்று ஏசவும் அவனுக்குக் கூச்சமில்லை. கேள்விகளிலிருந்து தப்பிக்க அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறாள் கெய்கோ. அவன் குளியலறையில் குடியிருக்கிறான். அவள் காய்கறி வேகவைத்துத் 'தீனி' போடுகிறாள். காதலும் இல்லை, உடலுறவும் இல்லை.

செய்தி தெரிந்ததும் கடை மாறிவிடுகிறது. குச்சியில் செருகிய கோழி வறுவல் சிறப்பு விற்பனையில் இருக்கும் நாள் அது. அன்றைய இலக்கை எட்ட வேண்டிய மேலாளரும் சக ஊழியரும் வேலையைப் போட்டுவிட்டு அவளிடம் அந்த ஆணைப் பற்றித் துருவுகிறார்கள். என் வாசிப்பில் நாவலின் நடுப்புள்ளி இந்தக் காட்சிதான். 18 ஆண்டுகள் பணியாளராக இருந்தவள் ஒரே நாளில் பெண்ணாகத் தரமிறக்கப்படுகிறாள். அவளும் அதைப் பதவி இறக்கமாகவே உணர்கிறாள்.

இதைவிட வலிப்பது தங்கையின் மகிழ்ச்சி. (பெயர் மாமி, தமிழ்க் காதுக்கு அது வேறு உறவைச் சொல்லும் என்பதால் தங்கை என்றே எழுதுகிறேன்.) அக்காவின் மேல் உண்மையான பாசம் கொண்டவள் அவள். யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல், அதனால்தான் பகுதிநேர வேலை என்று சொல் எனப் பொய்களைத் தயாரித்துத் தருகிறவளும் அவள்தான். வீட்டுக்கு வந்து குளியலறை ஏற்பாட்டைப் பார்த்து அழுகிறாள். உடனே ஷிராஹா வெளியே வந்து, பழைய காதலியோடு குடிக்கப் போனதால் எங்களுக்குள் சண்டை என்று ஒரு கதை விடுகிறான். தங்கை அவனைத் திட்டுகிறாள், ஆனால் அவள் முகம் தெளிந்துவிடுகிறது. துரோகம் செய்யும் ஆணோடு அல்லல்படும் அக்கா அவளுக்குப் புரிகிற அக்கா. தனியாக, நிம்மதியாக இருக்கும் அக்காதான் நோயாளி. ஒத்துப்போகச் சொல்லும் கட்டளை அதட்டலாக வந்தால் எதிர்க்கலாம். கண்ணீரோடு வந்தால் கெய்கோவுக்கும் வழி தெரியவில்லை, நமக்கும்தான்.

ஜப்பானில் இது ஒரு குடும்பத்தின் கதையல்ல. முப்பது வயது தாண்டிய, மணமாகாத, பிள்ளையில்லாத பெண்ணை ஊர் பார்க்கும் கண்ணோட்டத்துக்கு ஜுன்கோ சகாய் 2003இல் தன் புத்தகத்தில் 'தோற்ற நாய்' என்று கசப்பான கேலியோடு பெயர் வைத்தார். 2007இல் சுகாதார அமைச்சர் ஹகுவோ யனகிசாவா பெண்களைப் 'பிள்ளை பெறும் இயந்திரங்கள்' என்று பேசிவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் முராதா இன்னொரு பக்கத்தையும் தொடுகிறார். பிள்ளை பெறலாமா என்று கெய்கோ கேட்கும்போது, ஷிராஹாவின் சகோதரனின் மனைவி, தயவுசெய்து வேண்டாம், உங்கள் இருவரின் மரபணுவும் உங்களோடு முடியட்டும் என்கிறாள். வேடிக்கையான உரையாடல்தான். ஆனால் அதே நாட்டில் 1948 முதல் 1996 வரை நடப்பிலிருந்த சட்டத்தின்கீழ், 'தகுதியற்றவர்கள்' என்று கருதப்பட்ட சுமார் 16,500 பேருக்கு அவர்கள் சம்மதமில்லாமல் கருத்தடை செய்யப்பட்டது. அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024இல். பெற்றுக்கொள் என்பவர்களும் பெறாதே என்பவர்களும் ஒரே பதிவேட்டைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எதிர்த்து நிற்கும் கலகக்காரியாகக் கெய்கோவைக் கொண்டாடலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. அவளுக்கு விடுதலை தரும் கடை, நாவலில் அவளை மணிக்கணக்குக் கூலிக்கு வைத்திருக்கிறது. ஜப்பானில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் நிரந்தரமல்லாத வேலைகளில்தான் இருக்கிறார்கள். கெய்கோவோ மறுநாள் வேலைக்காகவே தூங்குகிறாள், கடைக்காகவே நகம் வெட்டுகிறாள், கடையில் விற்கும் உணவைத் தின்று கடையில் விற்கும் தண்ணீரைக் குடிக்கிறாள். தேய்ந்ததும் தன்னையும் மாற்றிவிடுவார்கள் என்று அவளுக்கே தெரியும். பாலைக் கணக்கில் எடுக்காத இடம் அது, உண்மைதான். ஆனால் வயதாகப் போகும் அந்த உடலையும் அது கணக்கில் எடுப்பதில்லை. முராதா இதை மறைக்கவில்லை. அவரே பல ஆண்டுகள் இத்தகைய கடையில் வேலை பார்த்தவர். 2016இல் அகுதாகவா பரிசு பெற்றபோதும் அந்த வேலையில் இருந்தார். தனக்குப் பிடித்த வேலையைப் பற்றி எழுதுகிறவரின் நேர்மை அது. புகழவும் இல்லை, தூற்றவும் இல்லை.

கடைசியில் ஷிராஹாவின் திட்டப்படி நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் வழியில், முன்பின் தெரியாத ஒரு கொன்பினிக்குள் நுழைகிறாள் கெய்கோ. அடுக்கு கலைந்திருக்கிறது. யாரும் கேட்காமலேயே பொருள்களைச் சரிசெய்யத் தொடங்குகிறாள். நேர்காணலுக்கு வரவில்லை என்று தொலைபேசியில் சொல்லிவிடுகிறாள், ஷிராஹாவை விட்டு விலகுகிறாள். கடையின் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்க்கும்போது முதல்முறையாக அது அவளுக்கு அர்த்தமுள்ளதாகத் தெரிகிறது. அந்தக் கண்ணாடியில் அவள் பார்ப்பது ஒரு பெண்ணை அல்ல. நாவலை யாராவது தமிழுக்குக் கொண்டுவந்தால், தலைப்பில் 'மனிதர்' என்றே இருக்கட்டும்.