தாத்தாவுக்குக் கலியாணம்: அகராதிகளும் எங்கட சொற்களும்

"தாத்தாவுக்குக் கலியாணம் பேசுறாங்க" என்று கொழும்பு முஸ்லிம் வீடொன்றில் ஒரு பிள்ளை சொன்னால் அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். மூத்த சகோதரிக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மதுரையில் சொன்னால் கிழவருக்கு இந்த வயதிலா என்று கேட்பார்கள். ஓர் அகராதி கைக்கு வந்தால் நான் அதைச் சோதிப்பது இப்படியான சொற்களைக் கொண்டுதான்: தாத்தா, நானா, காக்கா, ஓதுதல், பள்ளி. எங்களுக்குப் பள்ளி என்றால் தொழுமிடம்; பிள்ளைகள் படிக்கப் போவது பள்ளிக்கூடத்துக்கு. பொருளை மட்டும் தந்தால் போதாது. யார் சொல்கிறார்கள், எந்த ஊரில், எப்படிப்பட்ட வாக்கியத்தில் என்பதையும் அகராதி சொல்லவேண்டும்.

இணையத்தில் பலர் கூடித் தொகுக்கும் விக்சனரியைப் பற்றிப் படித்தவர்கள் சொல்லும் குறை ஒன்றே: "அதிலே ஆரும் எழுதலாம், நம்பேலாது." நல்லூரில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தமிழ் அகராதிக் கலையின் பெரிய தொடர் ஒன்று தொடங்கியதே இந்த ஊரில்தான். சர்ச் மிஷன் சங்கத்தின் ஜோசப் நைட் பாதிரியார் நல்லூரில் இருந்தபடியே சொற்களைத் திரட்டத் தொடங்கினார். முடிக்கும் முன்பே இறந்துபோனார். அந்த முயற்சி பல கைகளுக்கு மாறியது. 1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சிட்ட அகராதியில் சுமார் 58,500 சொற்கள் இருந்தன. அதில் லெவி ஸ்போல்டிங்கோடு சந்திரசேகர பண்டிதரும் உழைத்தார். 1862இல் சென்னையில் வெளிவந்த வின்சுலோ அகராதியில் 67,000க்கு மேல். அந்த வின்சுலோவின் மேல் எழுந்ததுதான் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழக லெக்சிக்கன். ஆக, வின்சுலோ அகராதி என்று நாம் சொல்வதும் ஒரு கூட்டு முயற்சியே. அட்டையில் ஒரு துரையின் பெயர். உள்ளே எத்தனையோ யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களின் உழைப்பு. ஆங்கிலத்திலும் இதே கதைதான். 1879இல் ஜேம்ஸ் மரே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் புத்தகங்களிலிருந்து வாக்கியங்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகளால்தான் ஒக்ஸ்போர்ட் அகராதி நிறைவேறியது.

பழைய அகராதிகளிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வட்டார வழக்கு என்று வின்சுலோ சில சொற்களுக்கு அடையாளம் இட்டார். லெக்சிக்கனும் யாழ்ப்பாண வழக்கு என்று பல சொற்களுக்குப் பக்கத்தில் குறித்தது. 2008இல் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இலங்கை வழக்கு என்று தனியாகக் காட்டியது, பெரிய காரியம். ஆனால் இந்தக் குறிகள் ஊரோடு நின்றுவிடும், தெருவுக்குள் இறங்காது. யாழ்ப்பாணம் என்றால் வண்ணார்பண்ணையுமா, சோனக தெருவுமா? இலங்கை என்ற ஒரே குறிக்குள் யாழ்ப்பாணம், காத்தான்குடி, காலி எல்லாம் அடங்கிவிட்டால் தாத்தா என்பவர் அக்காவா, அப்பப்பாவா என்று வாசகர் எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த இடத்தில்தான் நான் விக்சனரியை நம்பிப் போனேன். 2004இல் தொடங்கிய தமிழ் விக்சனரியில் இன்று 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்பக்கங்கள் உண்டு. தாளுக்குப் பஞ்சமில்லை, ஒரு சொல்லுக்கு இருபது ஊர்ப் பொருள்களை எழுதலாம். யார் எதை, எந்த நாளில் மாற்றினார் என்பதும் பக்க வரலாற்றில் இருக்கும். சந்திரசேகர பண்டிதர் எந்தச் சொல்லை எழுதினார், ஸ்போல்டிங் எதைத் திருத்தினார் என்று இன்று யாராலும் காட்டமுடியாது. விக்சனரியில் காட்டலாம். நேர்மை என்று பார்த்தால் இது பழைய முறையைவிட ஒரு படி மேல்தான்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடுகிறது. அந்த இலட்சக்கணக்கில் பெரும் பங்கு கலைச்சொல் பட்டியல்களிலிருந்து தானியங்கி ஏற்றியது. மிச்சத்திலும் பல பக்கங்களுக்கு ஆதாரம் அதே சென்னை லெக்சிக்கன். எவரும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, பழைய வீட்டுச் சாமான்களையே உள்ளே அடுக்கியிருக்கிறோம். எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்தாயிரம் கலைச்சொற்களைவிட, ஓர் உம்மா வாயால் சொன்ன வாக்கியத்தோடு வரும் ஒரு சொல் எனக்குப் பெரிது. குற்றம் விக்சனரியில் உழைப்பவர்கள் மீதல்ல. கூலி வாங்காமல் செய்கிறார்கள். எங்கட ஆட்கள் அங்கே போய் எழுதுவதில்லை என்பதுதான் விஷயம்.

இதில் அவசரமும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு ஒரு சில மணித்தியாலமே கிடைத்தது. பெரும்பாலோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கதைப்பது புத்தளத் தமிழ். சோனக தெருவின் பேச்சோடு வளர்ந்து இன்றும் அதைக் கதைப்பவர்கள் வயதாளிகள். நைட் பாதிரியார் காலத்தில் அந்தத் தெருவில் என்ன கதைத்தார்கள் என்று இனிக் கேட்கமுடியாது. 1980களில் என்ன கதைத்தார்கள் என்று இன்னும் கேட்கலாம்.

பேச்சுச் சொல்லுக்கு அச்சில் ஆதாரம் எங்கே என்று இணையத் தொகுப்பாளர் கேட்பார்; கேட்பது சரி. எங்களிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' முதல் இந்தச் சஞ்சிகை போன்றவை வரை அச்சில் இருக்கின்றன. எங்கட சிறுகதைகளின் உரையாடல்கள் இருக்கின்றன. 'நூலகம்' மின்நூலகத்தில் ஈழத்து இதழ்கள் பலவற்றை வீட்டிலிருந்தே புரட்டலாம். ஒரு சொல், அது வரும் வாக்கியம், இதழின் பெயர், ஆண்டு, பக்கம். மரேயின் சீட்டில் இருந்ததும் இவ்வளவுதான்.

முதல் தடை எழுத்துக்கூட்டலில் வரும். தொழுகைக்கு முன் செய்வதை ஒருவர் வுளூ என்பார், இன்னொருவர் ஒழு என்பார், உளு என்று எழுதுபவரும் உண்டு. அச்சு அகராதி ஒன்றைத் தலைச்சொல்லாக்கி மற்றவற்றை அதன் கீழ் தள்ளும். விக்சனரியில் மூன்றுக்கும் மூன்று பக்கம் திறந்து, எது எந்த ஊரில் என்று எழுதி, ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். அரபு உச்சரிப்புக்கு எது கிட்ட என்ற வாக்குவாதத்தை அதற்கென்றே உள்ள உரையாடல் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.