தென்காற்றும் புயலும்: ப. சிங்காரத்தின் நாவல் குறித்து

மல்லசமுத்திரம் கடலை அறியாத ஊர். 'சமுத்திரம்' என்று முடியும் நம் ஊர்ப்பெயர்களில் பல, ஏரியைச் சுட்டுவனவே. ஆயினும் இவ்வட்டாரத்தார் ஊரைவிட்டு நெடுந்தொலைவு போய்ப் பிழைப்பதை நன்கு அறிந்தவர்கள். திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் மராட்டியம், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் வரை செல்கின்றன. ஆப்பிரிக்கா சென்ற வண்டிகளும் உண்டு. அவற்றோடு போகிறவர்கள் ஆண்டில் பல மாதங்களை அயல்மண்ணில் கழித்துத் திரும்புகிறார்கள். இத்தகைய ஊரில் கூடும் சிறு வாசகர் குழு ஒன்றில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவலை நாம் வாசித்தபோது இரண்டு குரல்கள் எழுந்தன. மூத்த போதகர் ஒருவர், குடியும் விலைமாதர் இல்லமும் நிறைந்த இந்நூலை இறையியல் மாணவர் கையில் கொடுப்பது தகுமா என்று வினவினார். ரிக் வண்டியில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த அன்பர் கேட்டது வேறு: "எல்லாம் சரிங்க ஐயா, அவன் ஏன் ஊருக்கு வரலைங்க?"

முதல் வினாவுக்கு விடை சொல்லுவது எளிதன்று. இரண்டாவது வினா அதனினும் கடினமானது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது நம் கருத்து.

ஊரைவிட்டுப் போனவன் கெட்டுப்போகிறான் என்னும் எண்ணம் நம் பிரசங்கங்களில் ஆழ வேரூன்றியுள்ளது. தூரதேசம் போன இளைய குமாரனின் உவமையை நாம் பெரும்பாலும் அவ்வாறே விளக்கி வந்துள்ளோம். இவ்வெண்ணத்தை நகைப்புக்குரியதாக்கிய ஆங்கில நாவல் ஒன்றை இங்கே நினைவுகூர்வது பயன்தரும். நார்மன் டக்ளஸ் 1917-இல் வெளியிட்ட அந்நூலின் பெயர் 'சவுத் விண்ட்', அதாவது தென்காற்று. இத்தாலியக் கரையை அடுத்த காப்ரித் தீவை மனத்திற்கொண்டு அவர் படைத்த கற்பனைத் தீவுக்கு நெப்பெந்தி என்று பெயரிட்டார். அது கிரேக்கச் சொல். ஒடிசி காவியத்தில் ஹெலன் திராட்சரசத்தில் கலந்து கொடுக்கும், துயரை மறக்கச் செய்யும் மருந்தின் பெயர் அது. அத்தீவில் வேலையற்ற வெளிநாட்டார் கூடி உண்டும் குடித்தும் உரையாடியும் பொழுதைக் கழிக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்துவிட்டுத் தாயகம் திரும்பும் ஹெர்ட் என்னும் ஆங்கிலிக்கப் பேராயர் வழியில் அங்கே தங்குகிறார். அவருடைய உறவினராகிய பெண்மணி ஒருத்தி, தன்னை மிரட்டி வந்த முன்னாள் கணவனைச் செங்குத்தான பாறையிலிருந்து தள்ளிவிடுவதை அவர் கண்ணாரக் காண்கிறார். கண்டும் மௌனமாக இருந்துவிடுகிறார். அது மட்டுமன்று, அச்செயல் அவ்வளவு பெரிய தவறன்று என்று தம் மனத்தையும் இணங்கச் செய்துகொள்கிறார். ஓயாது வீசும் வெப்பத் தென்காற்று அவருடைய மனச்சாட்சியின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டதாம்!

நூல் சுவையானதுதான். ஆனால் பேராயருக்கு அதனால் என்ன இழப்பு? ஒன்றுமில்லை. ஓய்வுச் சம்பளமும் குடும்பச் சொத்தும் உடையவர்களே அங்கே வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஒழுக்கம் என்பது தட்பவெப்பநிலையைப் பொறுத்தது. இதிலே எவரும் எதையும் செலுத்துவதில்லை.

சிங்காரத்தின் தீவுகள் வேறு வகையின. அவர் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். இளைஞராக இருந்தபோதே இந்தோனேசியா சென்று, சுமத்திராவின் மெடான் நகரில் வட்டிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். அந்நாட்டிலேயே மணம்புரிந்து, மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் இழந்தார். போர் முடிந்தபின் 1946-இல் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றினார். பல பத்தாண்டுகள் அவர் தங்கியிருந்தது மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில். நம் சபையார் பலர் ஏறி இறங்கிய அக்கட்டடத்தில், தமிழ் நாவலின் போக்கை மாற்றிய ஒருவர் தனியராய் வாழ்ந்து வந்ததை நம்மில் எத்தனைபேர் அறிந்திருந்தோம்? 1997-இல் அவர் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' 1959-இல் நூலாயிற்று. 1962-இல் எழுதி முடிக்கப்பெற்ற 'புயலிலே ஒரு தோணி' 1972 வரை அச்சேறக் காத்திருந்தது. அதன்பின் அவர் நாவல் எழுதவில்லை.

கதை 1942-இல் ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதோடு தொடங்குகிறது. டச்சுக்காரர் ஆட்சி ஒரே நாளில் கலைகிறது, கடைகள் கொள்ளையிடப்படுகின்றன, கொள்ளையிட்டவரின் தலைகள் வெட்டப்பட்டுப் பொதுவிடத்தில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. இவற்றைப் பார்த்து நிற்கிறான் வட்டிக்கடைப் பணியாளனாகிய பாண்டியன். முதல் அத்தியாயத்தின் பெயராகிய 'கெர்க் ஸ்ட்ராட்' ஒரு தெருவின் பெயர். டச்சு மொழியில் அதற்குப் பொருள் 'கோயில் தெரு', அதாவது நம் வழக்கில் சர்ச் தெரு. ஆசிரியர் இதை எவ்விதக் குறிப்புமின்றி விட்டுச் செல்கிறார். நம்மைப் போன்ற வாசகர் மட்டும் அப்பெயரில் ஒரு கணம் நின்று, அந்தத் தெருவில் அன்று திருச்சபை எங்கே இருந்தது என்று தம்மையே கேட்டுக்கொள்ளக்கூடும்.

பின்னர்ப் பாண்டியன் தோணியேறிப் பினாங்குத் தீவை அடைகிறான். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்தபின் மீண்டும் சுமத்திராவுக்குச் சென்று, டச்சுக்காரரை எதிர்த்துப் போரிடும் இந்தோனேசியக் கொரில்லாப் படையோடு இணைகிறான். இறுதியில் ஊர் திரும்பாமலே அந்நிய மண்ணில் மடிகிறான். சுருக்கிச் சொன்னால் வீரசாகசக் கதை போலத் தோன்றும். நூலைப் படிப்பவருக்கு அவ்வாறு தோன்றாது. நிகழ்ச்சிகளுக்கு இணையாகப் பாண்டியனின் நினைவோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மெடானின் தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே வாக்கியம் முற்றுப்பெறாமல் சின்னமங்கலத்துச் சந்தைக்கும் மதுரை வீதிகளுக்கும் தாவிவிடுகிறது. மலாய், டச்சு, சீனம், ஜப்பானியம் ஆகிய மொழிகளின் சொற்கள் உரையாடலில் கலந்து வருகின்றன. பழந்தமிழ்ச் செய்யுள் நடையைக் கேலியாக எடுத்தாளும் பகுதிகளும் உண்டு. மேனாட்டில் நவீனத்துவம் என்று வழங்கும் முறை தமிழ் நாவலில் இன்னும் அரிதாக இருந்த காலத்தில், அம்முறையை இவர் கையாண்டார். அது புதுமைக்காகச் செய்யப்பட்ட புதுமையன்று. இருவேறு ஊர்களில் ஒரே சமயத்தில் வாழ நேர்ந்தவனின் மனம் இயங்கும் முறையே அது. ரிக் வண்டி அன்பர், 'இப்படித்தாங்க இருக்கும்' என்று சொல்லி ஒரு பக்கத்தை நமக்குச் சுட்டிக்காட்டினார். திறனாய்வாளர் பலர் கடினம் என்று ஒதுக்கிய பக்கம் அது.

இங்கேதான் டக்ளஸின் தீவுக்கும் சிங்காரத்தின் தீவுக்கும் உள்ள வேறுபாடு துலங்குகிறது. நெப்பெந்தியில் குடித்தவர்கள் மறக்கிறார்கள். பினாங்கு விடுதியில் பாண்டியனும் அவனுடைய நண்பன் மாணிக்கமும் குடித்தால் நினைவு பெருகுகிறது. மது ஊற ஊற, தமிழகம் முழுவதும் அந்த மேசைமேல் வந்து நிற்கிறது: பழம்பெருமை பேசுவோர், மேடைப் புலவர், சாதிச் செருக்கு, காசுக்கு விற்கப்படும் பெண்கள். நண்பர்கள் சிரிக்கிறார்கள், அச்சிரிப்பில் பாசமும் கசப்பும் ஒருங்கே உள்ளன. போதகர் குறிப்பிட்ட குடிக்காட்சிகள் இவையே. இவற்றைக் கத்தரித்துவிட்டால் நூலின் நெஞ்சையே கத்தரித்தவராவோம். பாண்டியன் அயல்நாட்டிற் கற்றுக்கொண்ட தீமை என்று நாம் எண்ணியவற்றுள் பெரும்பகுதி, அவன் மதுரையிலேயே கண்டது என்பதை அந்த நினைவுகள் காட்டிவிடுகின்றன. ஊர் தூயது, அயலூர் கெட்டது என்னும் கணக்கு இந்நூலில் செல்லாது.

கணக்கு என்ற சொல்லை அறிந்தே இட்டோம். வட்டிக்கடை உலகத்தைச் சிங்காரத்தைப் போல உள்ளிருந்து காட்டியவர் தமிழில் அரியர். முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் படிநிலை, பேரேடும் பெட்டகமும், தவணை முடியுமட்டும் ஊர்ப்பயணத்தை எண்ணிக்கொண்டு கிடக்கும் இளைஞர்கள். அந்த உலகில் எல்லாவற்றுக்கும் வரவும் பற்றும் உண்டு. போர் வந்தது; வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள் புழங்கின; ஜப்பான் சரணடைந்ததும் அவை வெறுங்காகிதமாயின. வாழ்நாள் முழுவதும் பேரேட்டை நம்பியவர்களின் கையில் பேரேடே பொய்யாகிப் போகிறது. முதல் நாவலாகிய 'கடலுக்கு அப்பால்' இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இராணுவத்திலிருந்து திரும்பிய செல்லையாவுக்குத் தன் மகள் மரகதத்தைக் கொடுக்க முதலாளி வானாயீனா மறுக்கிறார். துப்பாக்கி பிடித்த கை இனிப் பெட்டியடியில் பணிந்து அமராது என்பது அவருடைய தீர்ப்பு. அவரைக் கொடியவராக ஆசிரியர் ஆக்கவில்லை. தம் தொழிலின் நியாயப்படி அவர் பேசுகிறார். அந்நியாயமே இருவர் வாழ்வை முறிக்கிறது. வாசகர் பலர் இரண்டாம் நாவலின் புயலில் மயங்கி முதல் நாவலை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். திருமணக் காரியங்களைப் பேசிமுடிக்கும் இடத்தில் அடிக்கடி அமர நேரும் போதகர்கள் அதனையே முதலில் படிக்கவேண்டும் என்போம்.

நூலுக்குப் பெயரளித்த புயற்காட்சியைப் பற்றிச் சிறிதே கூறுவோம், அதைப் பிறர் மிகுதியும் புகழ்ந்துவிட்டதால். யோனாவின் கப்பலையும் பவுலடியார் மெலித்தா தீவில் கரைசேர்ந்த பயணத்தையும் பலமுறை பிரசங்கித்த நமக்கு, புயல் என்றவுடன் அதற்குள் ஒரு செய்தி இருக்கும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. சிங்காரத்தின் புயலில் தேவதூதன் தோன்றுவதில்லை. குற்றவாளி இன்னான் என்று சீட்டு விழுவதுமில்லை. நீரும் காற்றும் மரமும் மனித உடலும் மோதுகின்றன. சொற்கள் குறுகி, வாக்கியங்கள் சிதறி ஓடுகின்றன. பின் அது அடங்குகிறது. அவ்வளவே. அந்தப் 'அவ்வளவே' என்பதை ஏற்க நமக்குக் கடினமாயிருக்கிறது என்பதை மறைப்பானேன்?

பேராயர் ஹெர்டுக்கும் பாண்டியனுக்கும் மேலும் ஒரு வேற்றுமை உண்டு. பேராயர் பிறர் செய்த கொலையைத் தம் மனத்தில் மன்னித்து, அதன் மூலம் தம்மையும் விடுவித்துக்கொள்கிறார். பாண்டியன் ஆயுதம் எடுத்தவன். அவன் கையில் இரத்தம் படிகிறது. அதற்காக அவன் எவரிடத்தும் நியாயம் கேட்பதில்லை; ஆசிரியரும் அவனுக்கு நற்சான்று வழங்குவதில்லை, தண்டனைத் தீர்ப்பும் எழுதுவதில்லை. விடுதலைப் போராட்டம் என்ற பெயரால் கொலை புனிதமாகிவிடுவதாக நூல் எங்கும் சொல்லவில்லை. நாட்டுக்காகச் செய்தான் என்று நாம் சொல்ல விரும்பும் இடத்திலெல்லாம், அவனுடைய தனிமையும் துணிச்சலில் அவன் கண்ட இன்பமும் குறுக்கே வந்து நிற்கின்றன. ஒழுக்கத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையுள்ள நூலை ஒழுக்கக்கேடானது என்று விலக்குவது நம் வாசிப்பின் குறைபாடேயன்றி நூலின் குறைபாடன்று.

குறைகள் இல்லாமல் இல்லை. இந்நூலின் பெண்கள் பெரும்பாலும் நினைவுகளிலோ விலைமாதர் இல்லங்களிலோ நிற்கிறார்கள்; அவர்களுடைய நினைவோட்டம் நமக்குத் திறக்கப்படுவதில்லை. கடையிலே கடன்பட்டவர்களின் வாயிலாகக் கதை ஒருபோதும் சொல்லப்படவில்லை. மெடானைச் சுற்றிய தோட்டங்களின் செல்வத்தைக் கூலிகளின் உழைப்பே உண்டாக்கியது என்பது வரலாறு. அவ்வுழைப்பின் நெடுங்கதை இந்நாவலின் ஓரத்திலேயே தங்கிவிட்டது. கொடுத்தவன் எழுதிய பேரேட்டில் வாங்கியவனின் பக்கம் வெறுமையாக உள்ளது. பின்னாளில் பாண்டியன் இந்தோனேசியரோடு சேர்ந்து போரிடுவதை அதற்கான கைம்மாறு என்று சிலர் கொள்ளலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவன் தன் வழியிலேயே போகிறான், அவர்கள் கடன் தீர்க்கப் போகவில்லை.

இனி, அன்பரின் வினா. சிங்காரம் திரும்பினார், பாண்டியன் திரும்பவில்லை. 1945-க்குப் பின் கப்பல் இருந்தது, வழி இருந்தது, ஊர் இருந்தது. எனினும் அவன் திரும்பாததற்குக் கொள்கைப்பற்றும் காரணமன்று, அயல்நாட்டு மோகமும் காரணமன்று. ஊரை அவன் மறந்தவனும் அல்லன். மறந்திருந்தால் எளிதாகத் திரும்பியிருப்பான். அவன் நினைவிலுள்ள சின்னமங்கலம் சிறுவன் ஒருவனுடைய ஊர். துப்பாக்கி பிடித்த முப்பது வயதினன் இறங்கிப் போய் அமர அங்கே திண்ணை கிடையாது. செல்லையாவுக்கு வானாயீனா சொன்ன தீர்ப்பைப் பாண்டியன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் போலும். இதை நாம் விளக்கியபோது ரிக் வண்டி அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தாம் முதல் தவணை முடிந்து ஊர் வந்த வாரத்தில் இரவெல்லாம் தூக்கம் வராமல் லாரியில் போய்ப் படுத்துக்கொண்டதாகவும், வீட்டார் அதனைக் குடிப்பழக்கம் என்று எண்ணி உபதேசியாரை அழைத்து வந்ததாகவும் கூறினார். வந்தவர் நெடுநேரம் ஜெபித்தாராம். எங்கே போயிருந்தாய், என்ன கண்டாய் என்று மட்டும் கேட்கவில்லையாம்.

மூத்த போதகர் அன்று மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது நூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.