அற்புதத்தை விழுங்கிய கருணை

2014-ஆம் ஆண்டு வெளிவந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படம், பத்தாண்டு நிறைவையொட்டி மறுபடியும் திரைக்கு வந்தது முதல், அதன் சங்கீதத்தைப் புகழ்வோர் ஒரு வரலாற்றைத் தவறாமல் எடுத்துரைக்கிறார்கள். டைரக்டர் கிறிஸ்டோபர் நோலன், இது விஞ்ஞானக் கதை என்பதையே வெளியிடாமல், தந்தைக்கும் குழந்தைக்கும் உள்ள பந்தத்தைப் பற்றி ஒரே பக்கம் எழுதிக் கொடுக்க, ஹான்ஸ் ஸிம்மர் ஒரே நாளில் அதற்கு இசை அமைத்தாராம். ஆகவேதான் அவ்விசை மனித ஹிருதயத்தின் குரலாக ஒலிக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இப்படத்துக்காக லண்டன் டெம்பிள் சர்ச்சின் ஆர்கனை ரோஜர் சேயர் வாசிக்கும்போது, காற்றையே உயிராகக் கொண்ட அவ்வாத்தியம், மூச்சுக் காற்றுக்காகப் போராடும் மாந்தரின் கதைக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு மணி நேரம் பூமியின் ஏழு ஆண்டுகளை விழுங்கும் கிரகத்தில் கடிகாரத் துடிப்பை இசையாக்கியதும் உயர்ந்த கற்பனையே.

ஆனால் அந்த ஒரு பக்கக் கடிதமே அவ்விசையின் குறைக்கும் மூலம். பாசத்துக்கென்று பிறந்த நாதம் படம் முழுவதற்கும் ஆதார சுருதியாகிவிட்டதனால், கருந்துளையைப் போன்ற, புத்திக்கு எட்டாத ஒன்று எதிரே நிற்கும்போதும் அது நம்மை உருகச் சொல்கிறதே அன்றித் திகைக்க விடுவதில்லை. இவ்வகைக் கதைக்கே உரிய அற்புத ரசத்தைக் கருணா ரசம் விழுங்கிவிடுகிறது. வசனம் சில இடங்களில் இசையில் அமிழ்ந்துபோவதை நோலன் வேண்டுமென்றே செய்ததாகச் சொன்னார். பாத்திரத்தின் பேச்சையே கேட்கவிடாத இசை, ரசிகனின் மனத்தில் எழும் பேச்சை எங்கே கேட்கவிடப் போகிறது?

படத்தில் விண்வெளி வீரரான டாக்டர் மான் பேசிக்கொண்டிருக்கையிலேயே விண்கலத்தின் வாயில் வெடித்துச் சிதற, காற்றற்ற வெளியிலிருந்து நாம் அதை ஓசையேதுமின்றிக் காண்கிறோம். என்னை உண்மையாகவே நடுங்க வைத்த கணம் அது. அந்த நடுக்கம் மனத்தில் ஊன்றுவதற்குள் ஆர்கன் முழங்கத் தொடங்கி, பயத்தைச் சாகசமாக மாற்றிவிடுகிறது.

இதற்கு மாறாக, அலெக்ஸ் நார்த் எழுதித் தந்த இசையையே ஒதுக்கி வைத்த டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக், 1968-இல் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி'யில், பூல் என்னும் விண்வெளி வீரன் சாகும்போது அவன் மூச்சொலியை அறுத்து, பின்பு பூரண நிசப்தத்தில் அவனை உருள விட்டார். அங்கே ஓர் ஆர்கன் அழுதிருந்தால், ஒரு தோழனை இழந்த துக்கம் மட்டுமே நமக்குக் கிட்டியிருக்கும். இயந்திரம் ஒன்று தானே தீர்மானித்து மனிதனைக் கொன்றது என்ற, அதுவரை நாம் அறியாத அச்சம் கிட்டியிராது.