நடு இருக்கையை நான் பார்க்கவில்லை

போன வருடம் ஜூலையில் இரண்டு வாரம் லண்டனில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். ஹாரோவில் வீடு. அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. சனிக்கிழமை ஆனால் போதும், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நைட்ஸ்பிரிட்ஜுக்குக் கிளம்பிவிடுவான். "மியூசியமெல்லாம் எங்கயும் ஓடிப்போகாது மாமா, இன்னிக்கு என்கூட வாங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அவன் தங்கையும் ஒட்டிக்கொண்டாள். எட்டு வயசு. அவளிடம் போன் கிடையாது, கையில் ஐஸ்கிரீம் மட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் வளைகுடா நாட்டுப் பணக்காரர்கள் பலர் தங்கள் கார்களை விமானத்தில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுவருவார்கள். அந்த கார்கள் நைட்ஸ்பிரிட்ஜ், ஸ்லோன் தெரு பக்கம் சுற்றிச் சுற்றி வரும். அவற்றைப் படம் பிடிக்க நடைபாதையில் கேமராவோடு ஒரு கூட்டம் நிற்கும். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பையன்கள். தங்களை 'ஸ்பாட்டர்' என்று சொல்லிக்கொள்வார்கள். பறவை பார்க்கப் போகிறவர்கள் மாதிரிதான்: காத்திருப்பார்கள், குறித்துக்கொள்வார்கள், பார்த்ததைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள்.

மதியம் வரை லம்போர்கினியும் ஃபெராரியும் வந்துகொண்டே இருந்தன. "அதெல்லாம் தினமும் வரும் மாமா" என்று கேமராவைக்கூடத் தூக்கவில்லை அவன். நாலு மணிக்கு மேல் திடீரென்று எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. சின்னதாக ஒரு வெள்ளி நிறக் கார். "மெக்லாரன் எஃப்1! மாமா, எஃப்1!" என்று கத்திக்கொண்டே ஓடினான். அவன் பின்னால் நானும் ஓடினேன், வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன். கார் சிக்னலில் ஒரு அரை நிமிடம் நின்றது. போனை நீட்டி நானும் வீடியோ எடுத்தேன். பிறகு போய்விட்டது. பையன்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கண் கலங்கியிருந்தான்.

மூச்சு வாங்க என்னிடம் வந்த மருமகன் சொன்ன முதல் வார்த்தை: "மொத்தமே 106 தான் மாமா! ரோட்டுக்குன்னு செஞ்சது 64!" இரண்டாவது: "ஒண்ணு 20 மில்லியன் டாலர்!"

திரும்பி வரும்போது ரயிலில் அந்தச் சின்னப் பெண் கேட்டாள்: "ஏன் மாமா அந்தத் தாத்தா நடுவுல உக்காந்து ஓட்டுனாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை எடுத்து வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். முன் கண்ணாடியில் வானம்தான் பிரதிபலிக்கிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஞாபகத்தில் தேடினேன், அங்கேயும் இல்லை. கார் என் முன்னால் அரை நிமிடம் நின்றிருக்கிறது, நான் போன் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், அந்தக் காரின் உயிரே நடு இருக்கைதான். கார்டன் மர்ரே என்ற வடிவமைப்பாளர் ஓட்டுநரைச் சரியாக மத்தியில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால் தள்ளி ஆளுக்கொரு இருக்கை வைத்தார். பார்வை இரண்டு பக்கமும் சமம், எடை இரண்டு பக்கமும் சமம். பின்னால் பிஎம்டபிள்யூ செய்துகொடுத்த 6.1 லிட்டர் வி12 இன்ஜின், டர்போ இல்லாதது. இன்ஜினின் சூட்டைத் திருப்பியனுப்ப அந்த அறைக்குத் தங்கத் தகடு ஒட்டினார்கள். இன்ஜினுக்குக் காற்று போகும் வழி ஓட்டுநரின் தலைக்கு மேலே கூரையில். பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏபிஎஸ் இல்லை. எடை 1,138 கிலோ. 1998-ல் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகம் தொட்ட இந்தக் காரின் நீளம் 4.3 மீட்டருக்கும் குறைவு. ஒரு ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் அளவுதான்! படத்தில் பார்க்கும்போது பிரம்மாண்டமாகத் தெரியும். பக்கத்தில் ஒரு லண்டன் டாக்சி நின்றால்தான் அது எவ்வளவு சின்னது என்று புரியும்.

நேரில் பார்ப்பதற்கென்று ஒரு மதிப்பு இருக்கிறது என்றால் அது இதுதான். அளவு, சத்தம், உள்ளே இருப்பவர் உட்கார்ந்திருக்கும் விதம். முன்பு ஒரு கண்காட்சியில் ஃபெராரி எஃப்40 பார்த்தபோது இதை உணர்ந்திருக்கிறேன். எடையைக் குறைக்க வண்ணத்தை அவ்வளவு மெல்லிசாக அடித்திருக்கிறார்கள், சிவப்புக்கு அடியில் கார்பன் இழைகளின் நெசவு தெரிகிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும், எந்தப் போஸ்டரிலும் தெரியாது. அந்த எஃப்40 மொத்தம் 1,300-க்கும் மேல் செய்யப்பட்டது. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் எஃப்1-ல் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆச்சரியம்தான் வந்திருக்க வேண்டும். அப்படியா வந்தது? இல்லையே.

அப்போ அந்த 106 என்ற எண் என்ன சொல்கிறது? இங்கேதான் வேடிக்கை. மெக்லாரன் எஃப்1 திட்டமிட்டு அரிதாக்கப்பட்ட கார் இல்லை. 1992-ல் மொனாக்கோவில் அறிமுகம் செய்தபோது சுமார் 300 செய்யலாம் என்றுதான் நினைத்தார்கள். பொருளாதார மந்தம், ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் விலை, வாங்க ஆள் இல்லை. 1998-ல் நிறுத்தியபோது பந்தயக் கார்கள், சோதனைக் கார்கள் எல்லாம் சேர்த்து 106. அதாவது பையன்கள் பரவசமாகச் சொல்லும் அந்த எண் ஒரு விற்பனைத் தோல்வியின் கணக்கு.

அதே கார்டன் மர்ரே 2020-ல் டி.50 என்று ஒரு கார் கொண்டுவந்தார். அதிலும் ஓட்டுநர் நடுவில். எண்ணிக்கை 100 என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். வரி இல்லாமலே 23 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை. இரண்டே நாளில் அத்தனையும் விற்றுவிட்டது. ஒரே ஆள், கிட்டத்தட்ட ஒரே எண். முதல் எண்ணை வாங்காதவர்கள் உண்டாக்கினார்கள், இரண்டாவதை விற்கிறவர்கள் தீர்மானித்தார்கள். கார் நல்ல காராகவே இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு 'உலகத்திலேயே இத்தனைதான்' என்பது காரைப் பற்றிய தகவல் இல்லை, விற்பனை உத்தி. அதை நாம் வாய் வலிக்கச் சொல்லும்போது காசு வாங்காமல் விளம்பரம் செய்கிறோம்.

விளம்பரத்தோடு போனாலும் பரவாயில்லை. என் உண்மையான சண்டை அடுத்த எண்ணோடு, அதாவது விலையோடு.

மிஸ்டர் பீனாக நமக்குத் தெரிந்த ரோவன் அட்கின்சன் 1997-ல் ஒரு எஃப்1 வாங்கினார். ஓட்டினார். சும்மா இல்லை, சுமார் 66,000 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டு முறை விபத்து. இரண்டாவது முறை, 2011-ல், பழுது பார்க்க ஒன்பது லட்சம் பவுண்டுக்கு மேல் ஆனது. சரிசெய்து மறுபடி ஓட்டினார். 2015-ல் சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார்.

இன்னொரு எஃப்1, 029 என்ற எண்ணுள்ளது, ஜப்பானுக்குப் போனது. 2021-ல் கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் ஏலத்தில் 2 கோடி டாலரைத் தாண்டி விற்றது. மருமகன் சொன்ன 20 மில்லியன் இதுதான். கால் நூற்றாண்டில் அந்தக் கார் ஓடிய தூரம் சுமார் 390 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிளம்பினால் மதுரைக்குக்கூடப் போய்ச் சேராது.

இரண்டு விற்பனைக்கும் நடுவே ஆறு வருடம், சந்தையும் ஏறியிருந்தது. எல்லா வித்தியாசத்தையும் ஓட்டத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் 029-ஐ விற்றபோது முன்னால் நிறுத்திய பெருமையே அந்தக் குறைந்த ஓட்டம்தான். ஓட்டாமல் வைத்திருந்தால் பரிசு என்று சந்தை சொல்கிறது. அந்த 390 கிலோமீட்டர் காரைத் தெருவில் எத்தனை பையன்கள் பார்த்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணலாம். அட்கின்சனின் கார் எத்தனை ஊரில் எத்தனை பேரை நிற்க வைத்துத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கும்!

இதில்தான் ஸ்பாட்டர்களின் முரண்பாடு இருக்கிறது. அவர்கள் காரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் கொண்டாடும் எண்ணும் விலையும் அந்தக் காரை வீட்டுக்குள் பூட்டிவைக்கத்தான் உதவுகின்றன. '20 மில்லியன்' என்று நாம் வாய் பிளக்க வாய் பிளக்க, சொந்தக்காரருக்கு வெளியே எடுக்கப் பயம் கூடும். நம் கைதட்டல் நமக்கே எதிராக வேலை செய்கிறது.

"பணக்காரன் பவுசைப் பார்த்து வாய் பிளக்கிற கூட்டம்தானே, இதுக்கு என்ன ஆராய்ச்சி" என்று ஒரு நண்பர் கேட்டார். அப்படித் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தப் பையன்களில் யாரும் சொந்தக்காரரின் பெயரைக் கேட்கவில்லை. டிக்கெட் இல்லாமல் தெருவில் ஒரு நல்ல பொறியியல் வேலையைப் பார்க்கக் கிடைத்த சந்தோஷம் அது. அவர்கள் எடுக்கும் படங்களும் வீண் இல்லை. எந்தக் கார் எந்த வருடம் எங்கே இருந்தது என்ற சரித்திரத்தில் பாதி இப்படிப்பட்ட படங்களால்தான் தெரிய வருகிறது.

ஆனால் கேமராவுக்கு முன்னால் காரும் மாறிப்போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நகராத டிராஃபிக்கில் கூட்டத்தின் முன்னால் ஒரு ஓட்டுநர் செய்யக்கூடியது ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவைப்பது மட்டுமே. பையன்கள் சைகையால் அதைத்தான் கேட்கிறார்கள். மேலே ஜன்னல் ஓரம் குடியிருப்பவர்களுக்குத் தூக்கம் போகிறது. கென்சிங்டன் அண்ட் செல்சி கவுன்சில் 2015-ல் இதற்கென்றே தடை உத்தரவு போட்டது. பிறகு சத்தத்தை அளக்கும் கேமராக்களையும் வைத்தது. நிற்கிற இடத்திலேயே கத்தும் கார் வீடியோவுக்கு நல்ல தீனி. அந்தக் காரைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு நான் மட்டும் யோக்கியன் இல்லை. நானும் போனை நீட்டியவன்தான். எனக்குக் கிடைத்தது 28 விநாடி வீடியோ, அதில் பாதி வேறொரு பையனின் முதுகு. அவளுக்குக் கிடைத்தது ஒரு கேள்வி.

அன்று இரவு சாப்பிடும்போது மருமகன் தங்கைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். தட்டில் விரலால் மூன்று இருக்கை வரைந்து, ஓட்டுகிறவர் ஏன் நடுவில், இன்ஜின் எங்கே, காற்று எந்த வழியாகப் போகிறது என்று. நன்றாகவே சொன்னான். எல்லாம் தெரிந்திருக்கிறது அவனுக்கு. கடைசியில் அவளிடம் மெதுவாகக் கேட்டான்: "நீ உண்மையாவே பாத்தியா? அவரு நடுவுலயா இருந்தாரு?"

"ஆமா. ரெண்டு பக்கமும் யாருமே இல்ல. ஒரு சீட்ல கடைப் பை இருந்துச்சு."

கடைப் பை! யாரோ அந்தக் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்திருக்கிறார். அந்தப் பெரியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.